தேங்க்ஸ்கிவிங்குக்கு நண்பன் ஊருக்குப் போகிறவர்களுக்கு

எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்காக ஆகஸ்டில் அமெரிக்கா வந்து இறங்கும் மாணவருக்கு நவம்பர் பாதி வரை நாள் போவதே தெரியாது. வகுப்பு, நூலகம், சாப்பாட்டுக் கூடம், தூக்கம். அப்புறம் ஒரு புதன்கிழமை மதியம் விடுதி கலகலவென்று காலியாகும். எல்லோர் தோளிலும் அழுக்குத் துணி மூட்டை. அம்மா வீட்டு வாஷிங் மெஷினை நம்பி இரண்டு வாரத் துணியைச் சேர்த்து வைத்திருப்பார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் கதவில், மூடியிருக்கும் நாட்களைச் சொல்லும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழன், தேங்க்ஸ்கிவிங். அந்த நாலு நாளைக் கப் நூடுல்ஸோடு ஓட்டலாம். இல்லை, யாராவது கூப்பிட்டால் அவர்கள் ஊருக்குப் போகலாம்.

போங்கள் என்பதுதான் என் கட்சி. நான் போனது விஸ்கான்சின் மாநிலத்தில், கிரீன் பே நகரத்திலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். அதனால் கீழே சொல்வதெல்லாம் அந்தப் பக்கத்து வழக்கம். நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ மானும் பனியும் சீட்டுக்கட்டும் இந்த அளவுக்கு இருக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர்களை எப்படிச் சமாளிப்பது என்றுதான் எல்லோரும் கவலைப்படுவார்கள். வீடு சுலபம். நண்பனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஊர் செட்டு ஒன்று இருக்கிறதே, அதுதான் கஷ்டம். அவர்களும் அந்த நாலு நாளில்தான் ஒன்றுகூடுவார்கள். உங்களைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் நேரம் இருக்காது.

அழைப்பு நிஜம்தானா?

"ஒரு நாள் எங்க ஊருக்கு வரணும் நீ" என்பது அங்கே வெறும் மரியாதைப் பேச்சு. "புதன்கிழமை மூணு மணிக்குக் கிளம்பறோம், காரில் ஒரு இடம் இருக்கு" என்றால் அது அழைப்பு. நாளும் வண்டியும் படுக்கையும் பேச்சில் வந்துவிட்டால் நம்பலாம். சந்தேகமாக இருந்தால் "உங்க அம்மாகிட்ட கேட்டுட்டியா?" என்று நேராகவே கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கூப்பிட்டதும் நம் வாயில் தானாக ஒன்று வரும்: "ஐயோ, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?" இதைச் சொல்லாதீர்கள். நம் வீடுகளில் முதலில் மறுப்பதும், அவர்கள் வற்புறுத்துவதும், மூன்றாம் தடவை ஒத்துக்கொள்வதும் ஒரு ஆட்டம். அங்கே அந்த ஆட்டம் கிடையாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "சரி, உன் இஷ்டம்" என்று நிஜமாகவே விட்டுவிடுவார்கள். காபிக்கும், பை (pie) என்கிற இனிப்புப் பண்டத்தின் இரண்டாவது துண்டுக்கும் இதே விதிதான். நான் முதல் நாள் இரவு பசியோடு படுத்தது இப்படித்தான்.

சரி என்று சொன்ன கையோடு நாலு விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகவும் திரும்பவும் வண்டி எது, எங்கே படுப்பது, வீட்டில் நாய் உண்டா, மேஜைக்கு நான் என்ன கொண்டு வரட்டும். நாயைப் பற்றிக் கேட்பது விளையாட்டில்லை. அங்கே நாய் வீட்டுக்குள், சோஃபாவில், சில சமயம் உங்கள் படுக்கையிலேயே இருக்கும். பயம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பிறகு சொன்னால் நாயைக் கட்டிப் போட வேண்டிவரும். வீட்டில் ஒரு பிள்ளையைக் கட்டிப் போட்ட மாதிரி எல்லோரும் முகம் வாடுவார்கள்.

திரும்பும் வழிக்கு நண்பனை மட்டும் நம்பாமல் இன்னொரு வழியும் யோசித்து வையுங்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய புதனும் பிந்தைய ஞாயிறும் அந்த நாட்டில் சாலையும் விமான நிலையமும் பிதுங்கும் நாட்கள். பஸ்ஸோ ரயிலோ பிடிப்பதாக இருந்தால் அக்டோபரிலேயே டிக்கெட் எடுங்கள். சிற்றூருக்குப் பெரும்பாலும் பஸ்ஸே இருக்காது. நண்பனின் காரில் போனால் பெட்ரோலுக்குப் பணம் கொடுங்கள். அங்கே அதை 'கேஸ் மணி' என்பார்கள். வழியில் பங்கில் நிறுத்தும்போது "இந்தத் தடவை நான் போடறேன்" என்று அட்டையை நீட்டிவிட்டால் பேச்சே வேண்டாம்.

பையில் என்ன?

பாஸ்போர்ட், நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94 அச்சுப்பிரதி, ஜே-1 என்கிற பரிமாற்ற விசாவென்றால் டிஎஸ்-2019 படிவம், எஃப்-1 என்கிற மாணவர் விசாவென்றால் ஐ-20 படிவம், உடல்நலக் காப்பீட்டு அட்டை. உள்நாட்டுப் பயணம்தானே என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

குளிருக்கு ஒரு பெரிய கோட்டு மட்டும் போதாது. உள்ளே ஒட்டிய தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், வெளியே பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழற்றி மாட்டுவீர்கள். மாலை நாலேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வாசலிலேயே காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும், அந்த வகையில் நம் ஊர் மாதிரிதான். அதனால் ஓட்டையில்லாத கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி அவசியம். வீட்டில் எல்லோரும் உங்கள் காலைத்தான் பார்க்கப்போகிறார்கள்.

பரிசு பெரிதாக வேண்டாம். பூங்கொத்தோ, நல்ல சாக்லேட்டோ, ஊரிலிருந்து கொண்டு வந்த சின்ன கைவினைப் பொருளோ போதும். வழக்கமாக ஒயின் கொண்டு போவார்கள், ஆனால் 21 வயது ஆகாதவர் வாங்க முடியாது. நீங்கள் கொடுத்ததை அவர்கள் உங்கள் முன்னாலேயே பிரிப்பார்கள். நம் வழக்கப்படி ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள் என்று நினைத்து நான் ஒரு அங்காடியின் விலைச்சீட்டைக் கிழிக்காமல் விட்டிருந்தேன். நீங்கள் கிழித்துவிடுங்கள்.

ஏதாவது சமைத்துத் தர ஆசையென்றால் எலுமிச்சை சாதம்தான் என் தேர்வு. அடுப்பில் இடம் கேட்காது, ஆறினாலும் நன்றாக இருக்கும், குழந்தைகளும் சாப்பிடுவார்கள். வேர்க்கடலை போடும் முன் வீட்டில் யாருக்காவது கடலை அலர்ஜி உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். அது அங்கே உயிர் போகிற விஷயம். வியாழன் காலையில் மட்டும் அடுப்பைக் கேட்காதீர்கள். புதன் இரவே கிண்டி வைத்துவிடுங்கள்.

சைவம் என்றால்

முன்பே சொல்லிவிட்டால் வீட்டு அம்மா உங்களுக்காகத் தனியாக ஏதாவது செய்து வைப்பார். சொல்லாமல் போய் மேஜையில் உட்கார்ந்து "நான் வெஜிடேரியன்" என்றால் அவர் பதறிவிடுவார். அப்படிச் சொல்லியிருந்தாலும், எதில் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டஃபிங் என்கிற ரொட்டிப் புரட்டல் பெரும்பாலும் கோழிச் சாற்றில் ஊறியது. மசித்த உருளைக்கிழங்கு சரி, அதன் மேல் ஊற்றும் கிரேவி வான்கோழிக் கொழுப்பு. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் உருக்கியிருக்கும் மார்ஷ்மெல்லோவிலும், நிறம் நிறமாக ஆடும் ஜெல்லி சாலட்டிலும் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது. பீன்ஸோடு பன்றி இறைச்சித் துணுக்குகள் போடுகிறவர்கள் உண்டு. பை மாவில் சிலர் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள்.

கிரான்பெரிக் கூழ் பெரும்பாலும் பழமும் சர்க்கரையும்தான், தைரியமாகச் சாப்பிடலாம். புளிப்பும் இனிப்புமாக நம் மாங்காய்ப் பச்சடிக்குத் தூரத்துச் சொந்தம். அமெரிக்காவில் விளையும் கிரான்பெரியில் பாதிக்கு மேல் விஸ்கான்சினில்தான் விளைகிறது. அதைச் சொன்னால் மேஜையில் யாராவது ஒரு தாத்தா முகம் மலர்வார். கிரீன் பீன் கேசரோல் என்று ஒன்று கட்டாயம் வரும். பீன்ஸ், டின்னில் அடைத்த காளான் சூப், மேலே வறுத்த வெங்காயம். காம்ப்பெல் சூப் நிறுவனத்துச் சமையலறையில் 1955 வாக்கில் பிறந்த பண்டம் அது. ருசியைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஆனால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

காரிலேயே பாடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். போகும் வழியில் நண்பனிடம் ஆள் பட்டியல் கேளுங்கள். யார் யார் வருவார்கள், யார் யாரோடு காதலித்துப் பிரிந்தார்கள், யார் வீட்டில் சமீபத்தில் சாவு, யாரிடம் எதைக் கேட்கக் கூடாது, பட்டப்பெயர்கள் எப்படி வந்தன. இரண்டரை மணி நேரப் பயணத்தில் எனக்குப் பன்னிரண்டு பேரின் கதை கிடைத்தது. மறுநாள் இரவு யாரோ ஒருவன் பெயரைச் சொன்னதும் மொத்தக் கூட்டமும் சிரித்தபோது, ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கும் தெரிந்தது. அவன் பத்தாம் வகுப்பில் டிராக்டரை ஏரியில் இறக்கியவன்.

வீட்டில் தொலைக்காட்சியும் கால்பந்துமாகத்தான் இருக்கும், அதையும் காரிலேயே கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கால்பந்தின் அடிப்படை எளிது: நாலு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் இன்னும் நாலு முயற்சி கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. ஆட்ட நேரம் 60 நிமிடம், நடப்பது மூன்று மணி நேரம். தேங்க்ஸ்கிவிங் அன்று டெட்ராய்ட் லயன்ஸ் அணி 1934 முதல் ஆடி வருகிறது, இடையில் போர்க்காலத்தில் சில வருடம் மட்டும் விட்டுப்போனது. டல்லஸ் கவ்பாய்ஸ் 1966-இல் சேர்ந்துகொண்டது. விஸ்கான்சினில் கேள்வியே வேண்டாம், கிரீன் பே பேக்கர்ஸ்தான். அந்த அணிக்குக் கோடீஸ்வர முதலாளி கிடையாது. 1923 முதல் ஊர் மக்களே பங்குதாரர்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கு வைத்திருக்கிறார்கள், லாபமாக ஒரு காசு வராது, பங்குப் பத்திரத்தை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள். என் நண்பன் வீட்டில் அது சாப்பாட்டு அறையில், இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. தெரியாமல்கூட, பரம எதிரி அணியான சிகாகோ பேர்ஸின் சட்டையைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

வீட்டுக்குள்

நண்பனின் பெற்றோரை முதலில் மிஸ்டர், மிஸஸ் போட்டுக் குடும்பப் பெயரால் கூப்பிடுங்கள். அரை நிமிடத்தில் "பேர் சொல்லியே கூப்பிடுப்பா" என்பார்கள். நமக்கு நாக்கு வராது. ஆனாலும் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். பாதுகாப்புக்காக "ஆண்ட்டி" என்று ஆரம்பித்தேன் நான். அங்கே ஆண்ட்டி என்றால் சொந்த அத்தை, சித்தி, பெரியம்மாதான். சமையலறையிலிருந்து நண்பனின் நிஜ அத்தை "என்ன?" என்று எட்டிப் பார்த்தார்.

குளியலறை விஷயத்தில் நம்மவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டுவோம். அங்கே குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. தரை மரமாகவோ, மேலே கார்பெட் விரித்தோ இருக்கும். குளிக்கும் தொட்டியை ஒட்டித் தொங்கும் திரையின் கீழ் நுனி தொட்டிக்கு உள்ளே விழ வேண்டும். நான் திரையை வெளியே விட்டு, திருச்சியில் குளிப்பது போலச் சொளசொளவென்று குளித்தேன். அது வியாழன் காலை. கீழே சாப்பாட்டு அறைக் கூரையில் ஈரம் படர்ந்து, மேஜை விரிப்பில் சொட்டியது. வீட்டு அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு பாத்திரத்தை அடியில் வைத்தார். அன்று முழுக்க நான்கு பேர் என்னிடம் "கவலைப்படாதே" என்றார்கள், அதுதான் அதிகக் கஷ்டம். டாய்லெட்டுக்கு ஒரு சின்ன மக் எடுத்துப் போவீர்கள் என்றால் அங்கேயும் இதே எச்சரிக்கைதான். ஊர்ப்புறத்தில் கிணற்று நீரும் செப்டிக் தொட்டியும் இருக்கும், ஐந்து நிமிடத்தில் குளித்து முடியுங்கள்.

உங்களுக்குக் கொடுக்கும் படுக்கை பெரும்பாலும் பேஸ்மென்ட்டில் ஒரு சோஃபாவாக இருக்கும். நல்ல இடம் அது, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

புதன் இரவு

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய இரவுதான் ஊர் செட்டின் திருவிழா. வெளியூரில் படிக்கிறவன், வேலை பார்க்கிறவன் எல்லோரும் அன்றைக்கு ஊரில் இருப்பான். ஊரின் ஒரே பாரில் பள்ளிக்கூட வகுப்பே உட்கார்ந்திருக்கும். இங்கே சட்டம் தெரிந்திருக்க வேண்டும். மது அருந்தும் வயது 21. விஸ்கான்சினில் ஒரு விசேஷம் உண்டு: பெற்றோர் கூட இருந்தால் 21 ஆகாத பிள்ளையும் பாரில் குடிக்கலாம். உங்கள் நண்பன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு நீங்களும் கை நீட்டாதீர்கள். அவர் உங்களுக்கு அப்பா இல்லை. எனக்கு அப்போது 20. ஜிஞ்சர் ஏல் என்கிற, மது இல்லாத இஞ்சி சோடா கிளாஸோடு நாலு மணி நேரம் உட்கார்ந்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. 21 ஆகியிருந்தால் வயதுக்குச் சான்றாக பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். கல்லூரி அட்டை செல்லாது.

குடித்தவன் ஓட்டும் காரில் ஏறாதீர்கள், நண்பனே ஆனாலும். நீங்களே ஓட்டிப் பிடிபட்டால் அபராதத்தோடு முடியாது, விசாவே ரத்தாகலாம். கஞ்சாவும் அப்படித்தான். விஸ்கான்சினில் அது குற்றம். பக்கத்து இல்லினாய், மினசோட்டா, மிச்சிகனில் கடையிலேயே விற்பார்கள். செட்டில் யாராவது எல்லை தாண்டிப் போய் வாங்கி வருவான். மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும் மத்தியச் சட்டத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். விசாவில் இருக்கிறவரை ஆட்டிவைப்பது மத்தியச் சட்டம்தான். "எனக்கு விசா சிக்கல்" என்று ஒரு வரி சொன்னால் போதும், அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை.

வியாழன்

காலையில் நியூயார்க்கில் மேசீஸ் என்கிற பெரிய கடை நடத்தும் ஊர்வலம் தொலைக்காட்சியில் ஓடும். ராட்சத பலூன் பொம்மைகள் தெருவில் மிதந்து போகும். 1924-இல் தொடங்கியது. யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, நம் வீட்டில் பொங்கல் காலையில் டிவி ஓடுவது போலத்தான். ஊர் செட்டு பள்ளி மைதானத்தில் கால்பந்து ஆடப் போகும், டர்க்கி பவுல் என்று பெயர். ஆடத் தெரியாவிட்டாலும் போங்கள். ஓடச் சொன்ன திசையில் ஓடினால் போதும். கிரிக்கெட் ஆடி வளர்ந்த கைக்குப் பந்து பிடிக்க வரும், அதை வைத்து ஒரு மரியாதை கிடைக்கும்.

அதற்குள் வீட்டில் வான்கோழி அடுப்புக்குள் போயிருக்கும். சாப்பாடு இரண்டு மணிக்கோ நாலு மணிக்கோ, மதியமா ராத்திரியா என்று சொல்ல முடியாத ஒரு நேரத்தில். காலையில் கொஞ்சம் சாப்பிட்டு வையுங்கள். சமையலறையில் "ஏதாவது உதவட்டுமா?" என்று கேட்டால் "வேண்டாம், நீ உட்கார்" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காமல் "உருளைக்கிழங்கு நான் சீவட்டுமா?" என்று கேளுங்கள். சீவுகிற வேலை எல்லா வீட்டிலும் மிச்சமிருக்கும். நான் ஐந்து கிலோ சீவினேன். பக்கத்தில் பாட்டி பை மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் பேசியதைத்தான் அவர் இன்னமும் நண்பனிடம் சொல்லி விசாரிக்கிறாராம். உங்கள் மொழி, கல்யாணம், சாதி, பாம்பு, யானை எல்லாம் கேட்பார்கள். அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லி, திருப்பி அவர்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேளுங்கள்.

சாப்பிடும் முன் ஜெபம் இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தால் போதும், சிலுவைக் குறி போட வேண்டியதில்லை. பிறகு சில வீடுகளில் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி சொல்கிறார்கள் என்று சுற்றி வரும். ஒரு வாக்கியம் தயாராக வைத்திருங்கள், சின்னதாக, நிஜமானதாக. நான் அந்த வருடம் கூரையைக் காட்டினேன்.

பரிமாற யாரும் வர மாட்டார்கள். பாத்திரங்கள் மேஜையைச் சுற்றிக் கைமாறி வரும். ஒரே திசையில் போகும், எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுங்கள். இடது கையால் கொடுத்தாலும் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. முதல் சுற்றில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி. இரண்டாம் சுற்று நிச்சயம் உண்டு, பூசணி பைக்கும் இடம் வேண்டும்.

இந்த நாளின் கதையைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருங்கள். 1621-இல் மாசசூசெட்ஸின் பிளிமத்தில் இங்கிலாந்துக் குடியேறிகளும் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்தைத்தான் மூலமாகச் சொல்வார்கள். 1863-இல் உள்நாட்டுப் போரின் நடுவே லிங்கன் தேசிய நாளாக அறிவித்தார். நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941-இல். பூர்வகுடிகளில் பலருக்கு இது கொண்டாட்டம் இல்லை. 1970 முதல் பிளிமத்தில் இதே நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். கிரீன் பேயை ஒட்டியே ஒனைடா என்கிற பூர்வகுடி மக்களின் பூமி இருக்கிறது, செட்டில் ஒருவர் அங்கிருந்து வந்தவராக இருக்கலாம். அரசியலை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அதற்கு மேஜையில் ஒரு மாமா ஏற்கெனவே தயாராக இருப்பார்.

மானும் துப்பாக்கியும்

விஸ்கான்சினின் ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டை, தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அதாவது நீங்கள் போகும் நாட்கள் முழுக்க வேட்டைக் காலம். ஒரு வீட்டு வாசல் மரத்தில் முழு மான் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தால் அதிராதீர்கள். காட்டோரம் நடக்கப் போனால், ஐந்து நிமிடம்தான் என்றாலும், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற அங்கியும் தொப்பியும் இரவல் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் நாலைந்து கட்டாயம் தொங்கும்.

"ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறாயா?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. வேட்டை உரிமம் எடுத்தவர்களுக்கு விலக்கு இருக்கிறது. அந்த நுணுக்கத்தையெல்லாம் ஒரு வயல்வெளியில் நின்று ஆராய முடியாது. புகைப்படத்துக்குக்கூடக் கையில் வாங்காதீர்கள் என்பதே என் யோசனை. மான் சாசேஜ் கொடுத்தால், சாப்பிடுகிறவராக இருந்தால் சாப்பிடுங்கள். நன்றாக இருக்கும்.

செட்டோடு உட்காருவது

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் புரியாது. பாதிப் பேச்சு பழைய ஆசிரியர்களைப் பற்றி, மீதி இல்லாத ஆட்களைப் பற்றி. ஃபோனை எடுத்து நோண்டினால் அத்தோடு நீங்கள் ஓரத்து ஆள். எல்லோரோடும் பழகப் பார்க்காமல் ஒரே ஒருவரைப் பிடியுங்கள். என் அனுபவத்தில் அது யாருடைய காதலியாகவோ காதலனாகவோ வெளியூரிலிருந்து வந்திருக்கும் ஆள். அவருக்கும் கதை புரியாது, அவரும் துணை தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்த வழி சீட்டு. அந்தப் பக்கம் யூக்கர் ஆடுவார்கள். நாலு பேர், எதிரெதிரே கூட்டாளி, 9 முதல் ஏஸ் வரை 24 சீட்டு, ஆளுக்கு ஐந்து. நம் ஊர் 28 சீட்டாட்டம் தெரிந்தவருக்குப் பத்து நிமிடத்தில் பிடிபடும், ஏனென்றால் இங்கேயும் துருப்பு ஜாக்கிதான் பெரிய சீட்டு. ஒரு வித்தியாசம்: ஹார்ட் துருப்பென்றால் ஹார்ட் ஜாக்கிக்கு அடுத்தது டைமண்ட் ஜாக்கி. அதே நிறத்து இன்னொரு ஜாக்கியும் துருப்பாகிவிடும். முதலாவது ரைட் பௌவர், அடுத்தது லெஃப்ட் பௌவர். 28-இல் ஜாக்கிக்கு அடுத்து மதிப்பான 9, இங்கே கடைசிச் சீட்டு. அந்தப் பழக்க தோஷத்தில் நான் 9-ஐப் பத்திரப்படுத்தி வைத்து இரண்டு ஆட்டம் தோற்றேன். பெரியவர்கள் ஷீப்ஸ்ஹெட் என்று இன்னொன்று ஆடுவார்கள், அதில் ராணிதான் பெரியது. முதல் வருகையில் அதன் பக்கம் போகாதீர்கள்.

காசு விஷயத்தில், வெளியே சாப்பிட்டால் அவரவர் பங்கு அவரவருக்கு. முழு பில்லையும் நீங்கள் பிடுங்கிக் கட்டினால் சங்கடப்படுவார்கள். வெள்ளி இரவு மீன் பொரியல் சாப்பிடக் கூட்டிப் போவார்கள், விஸ்கான்சினில் அது வாராவாரம் நடக்கும் சடங்கு. கறிவேப்பிலை இல்லாத குறை தவிர வேறு குறை சொல்ல முடியாது.

மிச்சமும் விடைபெறுவதும்

வெள்ளிக்கிழமை வான்கோழி எலும்பை வேகவைத்துச் சூப் செய்வார்கள். அந்தச் சாற்றில் கொஞ்சம் கேட்டு வாங்கி, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு, தக்காளி கரைத்துக் கொதிக்க வைத்தேன். வீட்டில் மூவருக்கு ஜலதோஷம், அதனால் என் ரசத்துக்கு மதிப்புக் கூடிவிட்டது. மிளகைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு கிளம்பும் முன் படுக்கை விரிப்பை உருவட்டுமா என்று கேட்டு, உருவி, மடித்து வையுங்கள். துண்டை எங்கே போடுவது என்றும் கேளுங்கள். யாராவது தொடையில் தட்டிக்கொண்டு "வெல்ப்..." என்று எழுந்தால் விடைபெறும் படலம் ஆரம்பம். உடனே கிளம்பிவிடுவோம் என்று கோட்டை மாட்டிவிடாதீர்கள், வியர்த்துவிடும். சோஃபாவில் ஒரு பேச்சு, கதவருகே ஒரு பேச்சு, கார் கண்ணாடியை இறக்கி இன்னொரு பேச்சு, கடைசியாக "மான் குறுக்கே வரும், பார்த்து ஓட்டு". நம் வாசல்படிப் பேச்சைப் பார்த்துப் பழகியவருக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. கையில் ஒரு டப்பா மிச்சச் சாப்பாடு திணிப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், விடுதியில் திங்கள் வரை சாப்பாடு கிடையாது என்பதை மறக்க வேண்டாம். டப்பா திரும்பிப் போக வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பியதும் ஒரு வாரத்துக்குள் கையால் எழுதிய நன்றிக் கார்டைத் தபாலில் அனுப்புங்கள். நண்பனுக்கு அனுப்பும் மெசேஜ் கணக்கில் சேராது. பொதுவாக எழுதாமல் பாட்டியின் பை, நாய், சீட்டாட்டம் என்று எதையாவது பெயர் சொல்லி எழுதுங்கள். அஞ்சல் முகவரியைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். நான் மறந்துபோய் நண்பனிடம் கேட்டேன், அவனுக்கே அம்மாவிடம் கேட்டால்தான் தெரிந்தது. கார்டு வரப்போகிறது என்பதும் அவருக்கு அப்படியே தெரிந்துபோயிற்று.